ஏழாவது ஷரத்து

மார்ச் 4

சின்னவனுக்கு,

நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. அது உனக்கும் தெரியும். போனிலேயே பேசியிருக்கலாமே என்று உன் மனைவி கேட்பாள். உன் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடும் உத்தேசமும் இல்லை. தவிர, போனில் நீ இன்றைக்கு ஒன்று சொல்வாய், நாளைக்கு ஒன்று சொல்வாய். காகிதம் என்றால் எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது யோசிப்பாய்.

விஷயம் இதுதான். வரி அலுவலகத்திலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த மருந்துக் கம்பெனியின் தராசுகளை ஆறு வருஷம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தேன் அல்லவா, அந்த ஆறு வருஷத்தையும் தோண்டுகிறார்கள். ஒரே கம்பெனி, தினமும் ஒரே கேட், உட்கார ஒரே மேசை, மாதக் கடைசியில் ஏறக்குறைய ஒரே தொகைக்கு ஒரு பில். இப்படி இருப்பவரைச் சொந்தத் தொழில் செய்பவர் என்று எப்படி ஏற்பது, நீங்கள் அங்கே ஊழியர்தானே என்று கேட்கிறார்கள். ஊழியர் என்று முடிவானால், தொழில் செலவென்று நான் கழித்துக் காட்டிய எதுவும் செல்லாது. கல்மேசை, எடைக்கல் பெட்டிகள், அந்தக் கற்களை வருஷா வருஷம் சரிபார்க்கக் கொடுத்தது, எல்லாம் போச்சு. ஆறு வருஷத்து வரியும் அபராதமும் கட்ட வேண்டும். என் பட்டறை அறையை விற்றால்தான் முடியும். அதை விற்றுவிட்டால் வேலை செய்ய எனக்கு இடமில்லை.

அதிகாரி என் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். ஏழாவது ஷரத்தில் நின்றார். "ஒப்பந்ததாரர் தாம் வர இயலாத நாட்களில் தகுதியுள்ள மாற்று ஆளைத் தம் பொறுப்பில் அனுப்பலாம்." ஊழியர் யாரும் தன் இடத்துக்கு வேறு ஆளை அனுப்ப முடியாது. தொழில் செய்பவர் அனுப்பலாம். "இதை எப்பவாவது நிஜமாவே செஞ்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவை என்றேன்.

அந்த ஒரு தடவை நீ. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்திரண்டு நாளில், பத்தொன்பது வேலை நாள். நீ எனக்குக் கொடுத்த பில்லைக் காட்டினேன். அவர் சிரித்தார். தம்பி கொடுத்த பில்தானே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், அவர் அந்தப் பணத்தைத் தன் வருமானமாகக் காட்டியிருக்கிறாரா என்று கணினியில் பார்த்தார். நீ காட்டவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு பக்கம். என் மாற்று ஆளாகத்தான் போனாய், நான்தான் கூலி கொடுத்தேன் என்று தேதிகளோடு எழுதிக் கையெழுத்து. விசாரணை ஏப்ரல் 20.

அக்கா

———

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உறையைப் பார்த்ததும் வரி அலுவலகத்துக் கடிதமோ என்று பயந்து இரண்டு நாள் பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுதான். நான்கு வருஷம் கழித்து எழுதுகிறாய், "எப்படி இருக்கே" என்று ஒரு வார்த்தை போட்டால் அதற்கும் வரி கட்ட வேண்டுமா?

நன்றாகத்தான் இருக்கிறேன். முதுகுவலி இருக்கிறது. தராசு முன்னால் குனிந்து குனிந்து வருவதுதான், உனக்கும் இருக்கும். மனைவி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன் எண்ணுக்கு அவள் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தோம், அதையும் தடுத்து வைத்திருக்கிறாய். அவள் உனக்கு என்ன செய்தாள்?

நீ கேட்டதைப் பற்றி. போன வருஷம் வீடு மாறினோம். மாறும்போது பழைய காகிதப் பெட்டி ஒன்று எங்கேயோ போய்விட்டது. அந்த வருஷத்து பில், வங்கிச் சீட்டு எல்லாம் அதில்தான். ஞாபகத்திலிருந்து தேதி எழுதிக் கொடுத்து நாளைக்குத் தப்பானால் உனக்குத்தான் சங்கடம். வேறு எப்படியாவது உதவ முடியுமா என்று பார்க்கிறேன். ரொம்பவும் நெருக்கடி என்றால் கொஞ்சம் பணம் என்னால் புரட்ட முடியும். கடனாக வேண்டாம், சும்மாவே வைத்துக்கொள்.

அந்த ஒப்பந்தத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது அக்கா. ஆஸ்பத்திரி நடைபாதையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து அதன்மேல் எழுதினாய். "நாள் ஒன்றுக்கு இவ்வளவு. வாரக் கடைசியில் பில் தர வேண்டும்." சொந்தத் தம்பிக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு நர்ஸைக் கூப்பிடப் போனாய், நான்தான் தடுத்தேன். உன்னைப்போல் கறாரானவளை நான் பார்த்ததே இல்லை.

தம்பி

———

மார்ச் 20

சின்னவனுக்கு,

உன் பணம் வேண்டாம். அதை எடுத்து எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்.

காகிதப் பெட்டி தொலைந்துவிட்டதா? எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய மிக்ஸியின் உத்தரவாத அட்டையைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பவன் நீ. யாரிடம் காது குத்துகிறாய்?

ஒப்பந்தம் எழுதியது உனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்தக் காகிதம் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. அன்றைக்கு நான் கறாராக இருந்தது போதவில்லை என்பதுதான் என் வருத்தம். கம்பெனியோடு எனக்கிருந்த ஒப்பந்தத்தில், என் மாற்று ஆளை அவர்கள் நேரடியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கலாம் என்று வக்கீல் அப்போதே சொன்னார். போகப்போவது என் தம்பிதானே என்று சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.

அம்மா காரியமெல்லாம் முடிந்து பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். கேட்டில் என் அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. செக்யூரிட்டிக்காரர் என்னை ஆறு வருஷமாகப் பார்ப்பவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க தம்பி உள்ளதான் இருக்கார் மேடம், கூப்பிடவா?" என்றார். என் எடைக்கல் பெட்டியோடு உள்ளே இருந்தாய். நான் வெளியே நின்றேன். வேலைக்கு வந்த பெண்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு வந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

பெட்டியைப் பிறகு கூரியரில் அனுப்பினாய். ஒரு வரி கடிதம்கூட இல்லை. இருநூறு கிராம் கல்லில் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து கறுத்துப் போயிருந்தது. இடுக்கியால் எடுக்க வேண்டும், கை படக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லும் பாடம். நீ கடைத் தராசு பழுதுபார்த்துப் பழகியவன், சரி. அதற்காக இவ்வளவு அலட்சியமா? அந்தக் கல் சோதனையில் தேறவில்லை. புதிது வாங்கினேன்.

ஏப்ரல் 20 என்று எழுதியிருந்தேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அக்கா

———

மார்ச் 27

அன்புள்ள அக்கா,

திட்டு. திட்டுவதற்காவது எழுதுகிறாயே.

பெட்டி கிடைத்துவிட்டது. பரணில் இருந்தது. என் ஆடிட்டரிடமும் பேசினேன். நான் ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

இத்துடன் ஒரு பில் வைத்திருக்கிறேன். அந்த வருஷத்துத் தேதி, உன் பெயருக்கு, பத்து வேலை நாளுக்கு. இந்தப் பத்து நாள் வருமானத்தை நான் விட்டுவிட்டேன் என்று சொல்லி அந்த வருஷக் கணக்கைத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். கொஞ்சம் அபராதம் வரும், நான் கட்டிக்கொள்கிறேன். நீ பழைய பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை வை. பத்து நாளும் மாற்று ஆள்தான், பத்தொன்பது நாளும் மாற்று ஆள்தான். உன் அதிகாரிக்கு ஒரு தடவை நடந்தால் போதும். உனக்கும் காரியம் ஆகும், எனக்கும் தலை தப்பும்.

ஏன் பத்து என்று கேட்காதே. எனக்குப் பத்துதான் ஒத்து வருகிறது. பாக்கி ஒன்பது நாள் கூலியை உனக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இதை இத்தோடு முடித்துக்கொள்வோம்.

தம்பி

———

மார்ச் 31

சின்னவனுக்கு,

நான்கு வருஷத்துக்கு முந்தைய பில்லில், போன வருஷம் நீ குடிபோன வீட்டின் முகவரி இருக்கிறது. பொய் பில் போடுவதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

அது போகட்டும். உன் பழைய பில்லை நான் அதிகாரியிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், முத்திரை குத்தி எண் போட்டு வாங்கிக்கொண்டார். இன்னொன்றைக் கொண்டுபோய் நீட்டினால் என்னைத்தான் பிடித்து உள்ளே வைப்பார்கள். உன் தலை தப்ப என் தலையைக் கேட்கிறாய். புதிதல்ல.

கேட்காதே என்றாய், கேட்கிறேன். ஏன் பத்து? ராத்தூக்கம் கெட்டு யோசித்தேன். வியாழக்கிழமை நீ வேலையைத் தொடங்கினாய். பத்தாவது வேலை நாள் என்பது இரண்டாவது ஞாயிறுக்கு அடுத்த திங்கள். செவ்வாயிலிருந்து நீ யாருடைய ஆள்?

அம்மா காரியம் முடிந்த பிறகுதான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டதாகச் சொன்னாய். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்றாய். மாமா முன்னால் சத்தியம் செய்யாத குறை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே அவர்களோடு பேசி முடித்துவிட்டாயா? எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டாய்? அதை மட்டும் எழுது.

அக்கா

———

ஏப்ரல் 6

அக்கா,

சரி, எழுதுகிறேன். நீ கேட்டதையும் எழுதுகிறேன், கேட்காததையும் எழுதுகிறேன்.

இரண்டாவது ஞாயிறு ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி விடுமுறை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அம்மாவுக்கு ஆக்ஸிஜன் குழாய் போட்டிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நடைபாதைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "அக்கா, நாளையிலேர்ந்து நான் இங்க இருக்கேன். நீ போய் வேலையைப் பாரு. உன் வேலைதானே, உனக்குத்தான் நல்லா தெரியும்." அதற்கு நீ என்ன சொன்னாய்? நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

"உன்னை நம்பி தராசை விடலாம். அம்மாவை விட முடியாது."

மருந்து நேரம் தவறவிடுவேன், தூங்கிவிடுவேன், டாக்டர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்வேன் என்றாய். வருஷாந்திரச் சோதனை, நூற்று நாற்பது தராசு, தணிக்கைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் உன் காண்ட்ராக்ட் போய்விடும் என்றாய். எனக்கு நாள் கூலி கொடுத்து அம்மாவிடமிருந்து அனுப்பிவைத்தாய். அதையும் பில்லாகக் கேட்டாய். அந்த ஞாயிறுதான் நான் அம்மாவை உயிரோடு கிட்டத்தில் பார்த்த கடைசித் தடவை. மூன்றாவது ஞாயிறு வந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. அந்த ஒருவர் நீ.

மறுநாள் திங்கள். தரப்பிரிவு மேலாளர் டீ சாப்பிடக் கூப்பிட்டார். "உங்க அக்கா உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?" என்றார். சொன்னேன். "நாங்க கொடுக்கறதுல கால்பங்கை அவங்க எடுத்துக்கறாங்களே தம்பி. நீங்களே நேரா பில் போடுங்களேன், கொஞ்சம் குறைச்சுப் போட்டா எங்களுக்கும் நல்லது" என்றார். என் அம்மா சாகக் கிடக்கும்போது என்னை வேலைக்கு அனுப்பிவிட்டு என் கூலியிலும் கால்பங்கு பிடிக்கிறாளா என்று எனக்குப் பற்றி எரிந்தது. செவ்வாயிலிருந்து சரி என்றேன். அந்தக் கால்பங்கு என்ன என்று அடுத்த வருஷம்தான் தெரிந்தது. வரிக்காக நீ ஒதுக்கிவைப்பது அது. நான் ஒதுக்கவில்லை, எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு வரி கட்டக் கடன் வாங்கினேன். இது தெரிந்தால் சந்தோஷப்படுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஆக, பாக்கி ஒன்பது நாளுக்கு உனக்கும் பில் கொடுத்தேன், அவர்களுக்கும் கொடுத்தேன். இருவரும் பணம் கொடுத்தீர்கள். அவர்கள் கொடுத்ததைக் கணக்கில் காட்டினேன், நீ கொடுத்ததைக் காட்டவில்லை. இப்போது பத்தொன்பது நாள் என்று கையெழுத்துப் போட்டால் ஒரே நாளை இரண்டு பேருக்கு விற்றவன் நான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

கையெழுத்துத் தேதி கேட்டாய். அம்மா போன அந்த வியாழக்கிழமை. மதியம் மூன்று பத்துக்கு, மேலாளர் அறையில். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரமும் எழுதச் சொன்னார், அதனால் தெரியும். போன் கேட் லாக்கரில் இருந்தது. திரும்பி வந்து கடைசித் தராசை எடுத்தேன். நாலரை மணிக்கு செக்யூரிட்டிக்காரர் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார். நான் அப்போது இருநூறு கிராம் கல்லை வைத்திருந்தேன். சீட்டைப் படித்துவிட்டு, கல்லை வெறும் கையால் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். நீ சொன்ன அலட்சியம் அதுதான்.

இதையெல்லாம் அதிகாரிக்கு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறாயா? முடியாது அக்கா. எனக்கும் குடும்பம் இருக்கிறது.

தம்பி

———

ஏப்ரல் 10

போட வேண்டாம்.

பட்டறை அறைக்கு ஆள் பார்த்துவிட்டேன். பக்கத்துத் தையல்காரர் வாங்கிக்கொள்கிறார். கல்மேசையைத் துணி வெட்ட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மூன்று நாற்பதுக்கு அம்மா போனாள். அதற்குப் பிறகு உனக்குப் பத்தொன்பது தடவை போன் செய்தேன். நீ பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாய், சத்தத்தில் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி மறுபடி அழுத்தினேன். கடைசியில் கம்பெனி எண்ணுக்குப் போட்டேன்.

இனி எழுதாதே.

———

ஏப்ரல் 15

பதிவுத் தபால்

அக்கா,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, இணைப்பு. மூலத்தை நேராக வரி அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன், நீ திருப்பி அனுப்பிவிடுவாய் என்று தெரியும். இது உன் பிரதி. ஆடிட்டரிடம் காட்டவில்லை, காட்டினால் பூசி மெழுகச் சொல்வார். மனைவியிடம் காட்டினேன். படித்தாள். பிறகு தபால் செலவுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தாள்.

தையல்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

தம்பி

இணைப்பு:

வரி அதிகாரி அவர்களுக்கு,

மேற்படி ஒப்பந்ததாரரின் உடன்பிறந்த தம்பியாகிய நான் தெரிவிப்பது. எங்கள் தாயார் மருத்துவமனையில் இருந்த நாட்களில், அக்காவின் ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்துப்படி அவருக்கு மாற்று ஆளாக மேற்கண்ட நிறுவனத்தில் தராசுகளைச் சோதித்தேன். அவருடைய எடைக்கல் பெட்டியையே பயன்படுத்தினேன். நிறுவனத்தில் உள்ள என் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டியின் எண் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம். பத்தொன்பது நாட்களுக்கும் அவரே எனக்குக் கூலி கொடுத்தார். அந்தத் தொகையை என் வருமானத்தில் நான் காட்டவில்லை. அது என் தவறு.

கடைசி ஒன்பது நாட்களுக்கு, அக்காவுக்குத் தெரியாமல், நிறுவனத்துக்கும் என் பெயரில் பில் கொடுத்துப் பணம் பெற்றேன். அதுவும் என் தவறு. கடைசி நாள் மதியம் மூன்று பத்துக்கு நிறுவனத்தோடு தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். தாயார் அதே நாள் மூன்று நாற்பதுக்குக் காலமானார். அதற்குப் பிறகு அக்காவுக்காக நான் வேலை செய்யவில்லை.

மேற்கண்டவை உண்மை. இதனால் எனக்கு வரும் வரி, அபராதம் அனைத்துக்கும் நானே பொறுப்பு.

———

மே 3

சின்னவனுக்கு,

என் வழக்கை முடித்துவிட்டார்கள். அதிகாரி உன் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். கம்பெனியிலிருந்து சான்றிதழ்களை வரவழைத்துப் பெட்டி எண்ணை ஒப்பிட்டார். எல்லாவற்றிலும் என் எண்தான். "உங்க இடத்துல இன்னொருத்தர் நின்னு வேலை செஞ்சிருக்கார், உங்களைக் கேக்காம அவரையே அவங்க எடுத்தும் இருக்காங்க. ஊழியரை இப்படி யாரும் கழட்டிவிட மாட்டாங்க மேடம். நீங்க தொழில் செய்றவங்கதான்" என்றார். நான் சொந்தக் காலில் நின்றேன் என்பதற்கு, என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனதுதான் அத்தாட்சி. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அறை தங்கிவிட்டது. தையல்காரர் கோபித்துக்கொண்டார்.

உன்னைப் பற்றியும் கேள்விப்பட்டேன். இரண்டு மடங்கு அபராதம் என்று ஆடிட்டர் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்தை வெளியில் காட்டினாய் என்று கம்பெனி உன் கேட் பாஸை நிறுத்திவிட்டதாம். செக்யூரிட்டிக்காரர்தான் என்னைக் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார். நீயும் அட்டையை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாயாம். இதைக் கேட்டால் எனக்குக் குளிர்ந்து போகும் என்று நான்கு வருஷமாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய தக்காளியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. உன் எண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் எழுதவில்லை. என் பக்கத்தில் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

கடைசி மூன்று நாளும் அம்மா உன்னைத்தான் கேட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் தொடங்கினாள். "சின்னவன் எங்கே, சின்னவன் வந்துட்டானா" என்று. நான் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். உள்ளே அனுமதி ஒருவருக்குத்தான், ஆனால் நான் வெளியே வந்து உன்னை அனுப்பியிருக்கலாம். நர்ஸ்கூடச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் நீ அனுப்பிய செய்தியில் இன்னும் பதினான்கு தராசு பாக்கி என்று இருந்தது. வியாழன் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். முடித்துவிட்டு வரட்டும், அம்மா அதுவரை தாங்குவாள் என்று கணக்குப் போட்டேன். அது அம்மாவுக்காகப் போட்ட கணக்கு இல்லை. என் காண்ட்ராக்டுக்காகப் போட்டது. நீ அந்த வேலையை எடுத்துக்கொண்டாய் என்று உன்மேல் நான்கு வருஷம் எரிந்தேனே, அதே வேலைக்காகத்தான் உன்னை அம்மாவிடம் வரவிடாமல் வைத்திருந்தேன்.

புதன்கிழமையிலிருந்து அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என் கையைத் தடவிப் பார்த்து, "சின்னவனா?" என்றாள். ஆமாம்மா என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு நாளும் நீயாகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். குரலைக் கொஞ்சம் தடித்துப் பேசினேன். பெரியவள் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். நீ மேலாளர் அறைக்குப் போயிருப்பாய். "சாப்பிட்டியா சின்னவனே" என்று கேட்டாள். சாப்பிட்டேம்மா என்று சொன்னேன்.

அக்கா